கிணற்றின் அடியில் பதினோரு நிமிடம்

1

அம்மாவை இங்கே வரவழைப்பதற்காகப் போன மாதம் ஒரு படிவம் நிரப்பினேன். கனடாவுக்கு ஒருவரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விரும்புகிறவன் முதலில் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கடந்த பத்து வருடங்களில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ன வேலை செய்தேன் என்று, ஒரு மாதம்கூட விடாமல் எழுதவேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மூன்றாவது வாரம் படிவம் திரும்பி வந்துவிட்டது. அதில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டு, அதன் மேல் ஓர் அம்புக்குறி. 1993 டிசம்பரிலிருந்து 1995 ஜூன் வரை நான் எதையுமே எழுதியிருக்கவில்லை.

மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்று விட்டதும் அல்ல. என் கை அந்த ஒன்றரை வருடத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி பொறுமையானவர்.

"அந்தச் சமயம் வேலை இல்லாமல் இருந்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு கிணறு செய்துகொண்டிருந்தேன்" என்றேன். கிணற்றுக்கு ஆங்கிலத்தில் 'வெல்' என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன விதத்தில், நான் எதையோ நன்றாகச் செய்ததாக அவர் புரிந்துகொண்டார்.

"மகிழ்ச்சி. எதை நன்றாகச் செய்தீர்கள்?"

திரும்பவும் சொன்னேன். கடைசியில் ஒரு காகிதத்தில் சதுரம் போட்டு, அடியில் தண்ணீர் வரைந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, 'சுயதொழில், கட்டுமானம்' என்று அவரே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். இங்கே மூன்று வருடங்களில் இப்படி எத்தனையோ தவறுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் பஸ்ஸுக்காகப் பனியில் நின்றபோது இந்த ஒன்று மட்டும் உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்தக் கிணற்றின் அடியில் படுத்துப் பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம்.

2

கோயம்புத்தூரை ஒட்டிய கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. கரண்ட் வந்ததும் தோட்டத்து மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் டைமர்கள் செய்து விற்றேன். அப்பாவுக்குக் காரமடைக்கு மேற்கே தோட்டம் இருந்தது. எனக்கு மண்ணைவிட ஒயரில் ஆசை. அப்பா அதைத் தடுக்கவில்லை.

ஒரு டிசம்பர் மாலையில் ஸ்டெல்லா டீச்சர் பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியை. முப்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, இந்த டைமர்ல மோட்டாருக்குப் பதிலா வேற ஏதாச்சும் ஓட்ட முடியுங்களா?"

"எதைங்க டீச்சர்?"

"ஸ்லைடு புரொஜெக்டருங்க. அஞ்சு. டேப்புல வர்ற சத்தத்துக்குத் தக்கன அஞ்சும் ஒண்ணா படம் மாத்தோணும்."

எதற்கு என்று கேட்டேன். நின்றபடியே சொன்னார்.

"ஒரு கிணறு செய்யப் போறேனுங்க, துணியில. ஆளுங்க உள்ளே போய் அடியில படுத்துக்கோணும். சுத்தியும் பாறை தெரியோணும், மேலே வானம் தெரியோணும். கடப்பாறைச் சத்தம் காதுல கேட்டாப் பத்தாதுங்க. முதுகுல கேக்கோணும்."

"எதுக்குங்க இவ்வளவு சிரமம்?"

"எங்கப்பா கிணறு வெட்டுனவருங்க. கிணத்தை எல்லாரும் மேல நின்னுதான் பார்த்திருக்காங்க. அவரு அடியிலிருந்து பார்த்தவரு. அதை வரைஞ்சு சுவத்துல மாட்டிப் பார்த்தேன். எட்ட நின்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க. ஒருத்தரும் உள்ளே எறங்க மாட்டேங்கறாங்க."

எனக்குக் கலை தெரியாது. ஆனால் ஐந்து புரொஜெக்டர்களும் ஒரே நொடியில் படம் மாற்றவேண்டும் என்பது எனக்குப் புரிந்த கணக்கு. மறுநாளே வேலையைத் தொடங்கினேன். இரண்டு கேசட் டெக்குகளை ஒரே மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடவைத்தேன். ஒரு டெக்குக்கு இரண்டு தடம் என்று மொத்தம் நான்கு தடங்கள். மூன்றில் சத்தம் பதிந்தோம். நான்காவதில் ஸ்பீக்கருக்குப் போகாத, யார் காதுக்கும் கேட்காத 'பீப்' ஒலி. அந்த ஒலி விழும்போதெல்லாம் படம் மாறும். நான்கு பக்கமும் வெள்ளைத் துணி, துணிக்குப் பின்னாலிருந்து பாறைப் படங்கள். ஐந்தாவது புரொஜெக்டர் கண்ணாடியில் பட்டு மேலே வானத்தைக் காட்டும். பலகை மேடை போட்டு, அதன் அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து, மேலே பவானி ஜமக்காளம் விரித்தோம். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் படுக்கலாம்.

படங்கள் தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணற்றில் டீச்சரே மல்லாந்து படுத்து எடுத்தவை. பட்டறையைப் பங்காளி ஒருவனிடம் விட்டுவிட்டு நான் முழுநேரமும் இதிலேயே கிடந்தேன். டீச்சரின் அப்பா பெயர் அந்தோணி என்பதும், அவர் இல்லை என்பதும் தெரியும். எப்படி இறந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

3

கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி வைத்தோம். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியும் ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் நான்கு பேர் என் சொந்தக்காரர்கள். சினிமா என்று நினைத்து வந்த ஒருவர், "இதுல பாட்டு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்துபோனார்.

நான் சோர்ந்துபோனேன். டீச்சர் சோரவில்லை. ஏழு பேரில் ஒரு பெரியவர் காட்சி முடிந்தும் எழாமல் படுத்தே கிடந்தார். ரங்கசாமி என்று பெயர். நாற்பது வருடம் கிணறு வெட்டியவர்.

"வெளிச்சம் தப்புங்க அம்மணி" என்றார் அவர். "உச்சி வேளைக்கு ஒரு நாழிதான் வெயில் அடிக்கு வரும். நீங்க காலையிலயே கொண்டாந்து போட்டிருக்கறீங்க. இன்னொண்ணுங்க, அடியில காத்தே இருக்காது. இந்த ஃபேனை நிறுத்திப்போடுங்க."

டீச்சர் அத்தனையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "உங்க கூட வெட்டுன ஒருத்தரு பேரு சொல்லுங்க. அவரையும் வரச்சொல்றேன்."

எங்கள் பார்வையாளர்கள் அந்த ஒரு கேள்வியில் உருவானார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்த ஒருவர் பெயரையும் ஊரையும் வாங்கினார். அந்தப் பெயருக்கு அவரே கைப்பட ஒரு தபால் கார்டு போட்டார். வந்தவர் இன்னொரு பெயர் கொடுத்தார். மூன்று மாதத்தில் நோட்டீஸ் ஒட்டுவதையே நிறுத்திவிட்டோம். கிணறு வெட்டினவர்கள் மனைவி மக்களோடு பஸ் ஏறி வந்தார்கள். "இங்கதான் நான் நிப்பேன், நீ கஞ்சிப் போசியை அங்கிருந்து கயித்துல எறக்குவே" என்று படுத்துக்கொண்டே மனைவிக்கு விரல் நீட்டிக் காட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு திருத்தம் சொன்னார்கள். டீச்சர் ஒவ்வொரு வாரமும் கிணற்றை மாற்றினார்.

அவர்களுக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள். நூறு அடிக் கிணறு வைத்திருந்த ஓர் அம்மா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தபடி, "முப்பது வருசம் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்சோம். கீழிருந்து பார்த்தா வானம் இத்தனூண்டுதானுங்களா?" என்றார். செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

4

1995 மாசியில் காரமடைத் தேருக்கு வருகிற கூட்டத்துக்காக அங்கே போட முடிவுசெய்தோம். அதற்கு முன் டீச்சர் இரண்டு மாற்றங்கள் சொன்னார்.

முதலாவது, அவருடைய அம்மா சவேரியம்மாள் கடைசியில் டேப்பில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சையும் அதற்கு முன்னால் வெடிச் சத்தங்களையும் சேர்க்கவேண்டும். ஒன்பது நிமிடம் பதினோரு நிமிடமாகும்.

இரண்டாவது, மூலை.

"நாலாவது மூலை நேரா வேண்டாங்க. அங்கே மட்டும் பாறை வெட்டாம நிக்கோணும். யானை முதுகாட்டம் உள்ளே தள்ளிட்டு நிக்கோணும்" என்று சொல்லி, படம் வரைந்து கொடுத்தார்.

கையில் அந்தக் காகிதத்தோடு பட்டறையில் நின்றேன். எங்கள் தோட்டத்துக் கிணறு சதுரக் கிணறு. மூன்று மூலைகள் சுத்தமாக வெட்டியவை. நான்காவதில் பாறை அப்படியே நிற்கும். சின்ன வயதில் நானும் அக்காவும் அந்தப் பாறைமேல் ஏறித் தண்ணீரில் குதிப்போம். அந்த மூலையில் முனியப்பன் இருக்கிறார், அதனால்தான் வெட்டாமல் விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதை நம்பி வளர்ந்தவன்.

பேச்சு ஓடும்போது பீப் ஒலி எங்கே விழவேண்டும் என்று குறிப்பதற்காக, சவேரியம்மாளின் குரலை அன்று முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். நாற்பது விநாடிதான்.

"எட்டு வெடி வெச்சாங்க. என்ற ஊட்டுக்காரரு வெரலை மடக்கி எண்ணிட்டே இருந்தாரு. ஆறுதான் கேட்டுது. இன்னும் ரெண்டு நிக்குதுங்க, நாளைக்கு எறங்கறோமுங்கன்னாரு. மேலிருந்து எறங்குடான்னு ஒரு சத்தம் வந்துது. எறங்கிட்டாரு. நான் போசியை வெச்சுட்டு மேட்டுல நின்னுட்டிருந்தேன். ஏழாவது வெடி அப்பத்தான் கேட்டுது."

பேர் ஏதும் இல்லை. ஊர் இல்லை. மேலிருந்து ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை. நான்காவது மூலையை அவர் வரைந்தபடியே மூங்கில் வளைத்துக் கட்டினேன்.

5

காரமடையில் எங்கள் கொட்டகை வாசலில் இருந்து வரிசை தெருமுனை வரை நின்றது. தேருக்கு வந்திருந்த அப்பா, மகன் செய்ததைப் பார்க்கவேண்டும் என்று தானாகவே வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை, அவர் பார்க்கவேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்தேனோ என்னவோ.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவரும் மற்ற பதினோரு பேரோடு படுத்தார். துணியின் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது மூலையைப் பார்த்ததும் ஒரு முறை தலையைத் தூக்கினார். வெடிச் சத்தம் பலகை வழியே முதுகில் இறங்கத் தொடங்கியபோது அவருடைய வலது கை விரல்கள் மடங்கின. ஐந்து மடங்கி, இடது கையில் ஒன்று. அதோடு நின்றன. சவேரியம்மாளின் குரல் அடியிலிருந்து வந்தது. எல்லோரும் எழுந்து போனபிறகும் அப்பா படுத்தே இருந்தார். அடுத்த பன்னிரண்டு பேர் உள்ளே வந்ததும் எழுந்தார்.

வெளியே வந்து, வேப்பமரத்து நிழலில் நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நல்லா செஞ்சுருக்கறே. அந்தப் பொம்பளை பேசறதை மட்டும் எடுத்துப்போடு."

நான் வரிசையைப் பார்த்தேன்.

"நான் சொன்னேனா, மேஸ்திரி சொன்னானா, இப்ப எனக்கே ஞாபகம் இல்லை. மழைக்கு முந்தி முடிக்கோணும்னு அவசரம். அடுத்து கோயம்புத்தூர்ல போடறப்ப உங்கக்கா ஊட்டுக்காரங்க பார்க்க வருவாங்க. மூலையைப் பார்த்தா யாருக்கும் தெரிஞ்சுபோகும். எடுத்துப்போடு, சாமி."

அப்பா என்னிடம் அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. சொல்வார், நான் செய்வேன். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

6

இங்கே நான் ஓர் அறிவியல் காட்சியகத்தின் நட்சத்திரக் கூடத்தில் புரொஜெக்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அரைக்கோள வடிவக் கூரை. மக்கள் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்க்கிறார்கள். வானம் சுழல்கிறது, ஆச்சரியப்படுகிறார்கள், வெளியே போய்க் காப்பி குடிக்கிறார்கள். வந்தவர் இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. இதுவரை ஒருவரும் எங்களிடம் ஒரு திருத்தமும் சொன்னதில்லை.

என் மகள் நிலாவுக்கு ஏழு வயது. வரும்போது கொஞ்சிக் கொஞ்சிக் கொங்குத் தமிழ் பேசியவள். இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். போன வாரம் 'கிணறு' என்றேன். அது என்ன என்று கேட்டாள். தரையில் ஆழமாக வெட்டுவது என்று விளக்கினேன். "ஓ, பள்ளமா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பினாள். அந்தப் படிவத்தில் எழுதியிருந்த 'கட்டுமானம்' இதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததாகத் தோன்றியது. அவளிடம் கோபம் வரவில்லை. அவள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் கஷ்டமாக இருந்தது.

7

கோயம்புத்தூரில் 1995 மே மாதக் கடைசியில் காட்சி. பெங்களூரிலிருந்து ஒரு கலை அமைப்பைச் சேர்ந்தவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் இந்தக் கிணறு மற்ற ஊர்களுக்கும் போகும்.

முந்தின நாள் பகலில், தேய்ந்துபோன டேப்புக்கு ஒரு நகல் எடுக்கவேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மூல டேப்பைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். நகல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது வெடி முடிந்தது. சவேரியம்மாளின் பேச்சு இருந்த மூன்றாவது தடத்தின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினேன். நாற்பது விநாடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அதற்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. இரண்டு விரல் போதும்.

மறுநாள் சவேரியம்மாள் வந்திருந்தார். அதுவரை எத்தனை கூப்பிட்டும் வராதவர். "அந்த எடத்தை ஒருக்கா பார்த்தது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், டவுனில் பெரிய மனிதர்களெல்லாம் தன் பேச்சைக் கேட்கப்போகிறார்கள் என்று மகள் சொன்னதால் கிளம்பி வந்திருக்கிறார். புதுச் சேலை கட்டியிருந்தார். பெங்களூர்க்காரர்களோடு அவரும் டீச்சரும் ஜமக்காளத்தில் படுத்தார்கள்.

நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். மூல டேப் என் பையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் கேட்டு மாற்றிப் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அக்கா வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

ஆறு வெடி முடிந்தது. ஓட்டை வழியே பார்த்தேன். சவேரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தார். சொட்டு நீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அசையவில்லை. வானம் இருண்டு, விளக்கு எரிந்தது.

பெங்களூர்க்காரர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் சவேரியம்மாள் வந்து நின்றார்.

"நான் பேசுனது நல்லா இல்லீங்களா, கண்ணு?"

"டேப் ரிப்பேருங்கம்மா. அந்த எடத்துல ஓடலை" என்றேன்.

அவர் தலையாட்டினார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து மூல டேப்பைக் கேட்டார். கொடுத்தேன்.

"டைமரும் புரொஜெக்டர் ஒயரும் உங்களது. இங்கயே இருக்கட்டுங்க" என்றார். பிறகு, பட்டறைத் திறப்பு அன்று அப்பா விளக்கேற்றுவதை எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

"மொத நாள் வந்தப்பவே இந்தப் போட்டோவைப் பார்த்தேனுங்க. திரும்பிப் போயிரலாமான்னு நெனச்சேன். நீங்க மூலையைக் கட்டிக் குடுத்தப்ப, போகாதது நல்லதாப்போச்சுன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

8

பெங்களூர்க்காரர்களுக்குக் கிணற்றைவிட என் டைமர் பிடித்திருந்தது. அவர்கள் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. அந்த நாற்பது விநாடி இல்லாத காட்சியைப் பார்த்தவர்கள் கொடுத்த வேலை இது. இதை என் மனைவியிடமும் சொன்னதில்லை.

டைமர் இல்லாமல் டீச்சர் காட்சியை எப்படி நடத்துகிறார் என்பதை அக்கா எழுதிய கடிதத்தில் அறிந்தேன். ஐந்து புரொஜெக்டருக்கும் ஐந்து பேர் உட்கார்ந்து, டேப்பைக் கேட்டு, விரல்விட்டு எண்ணி, கையாலேயே படம் மாற்றுகிறார்களாம். எல்லோரும் கிணறு வெட்டியவர்கள். ரங்கசாமிதான் வானத்துக்குப் பொறுப்பு. ஒரு படம்கூடத் தப்புவதில்லையாம்.

போன வருடத் தொடக்கத்தில் அப்பா இறந்தார். தூக்கத்தில் போய்விட்டார். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அக்கா வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். இங்கே அன்று கடும் பனி. வேலைக்கு விடுப்புச் சொல்ல, 'தந்தை இறந்துவிட்டார்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். நிலா, "எந்தத் தாத்தா?" என்று கேட்டாள்.

9

படிவ விஷயம் நடந்த அன்று இரவு எட்டு மணிக்கு டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். அங்கே மறுநாள் காலை எட்டரை. யாரோ போய்க் கூட்டிவந்தார்கள்.

"நல்லா இருக்கறீங்களா?" என்றார். வருத்தமோ கோபமோ இல்லாத, பள்ளிக்கூடக் குரல். "உங்கப்பா போயிட்டாருன்னு கேள்விப்பட்டேனுங்க. நாங்க பவானியில காட்சி போட்டப்ப வந்திருந்தாரு."

"யாருங்க?"

"உங்கப்பாதானுங்க. போறதுக்கு ஒரு வருசம் முந்தி. பஸ்ஸுல தனியா வந்தாரு. உள்ளே போயி ரெண்டு ஆட்டம் பார்த்தாரு. அம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க. முன்னாடி வந்து நின்னு, 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டாரு. அம்மாவுக்கு முதல்ல தன்னைத்தான் கூப்பிடறாருன்னே தெரியலை. அவங்களை அந்த மாதிரி மரியாதையாக் கூப்பிட்ட தோட்டக்காரங்க யாரும் இல்லீங்களே. 'எறங்கச் சொன்னது நான்தானுங்க. மேஸ்திரி இல்லீங்க, நான்தான்'னாரு. அம்மா எந்திரிச்சு, அவங்க சேரை அவருக்குத் தள்ளி வெச்சாங்க. அவரு உக்காரலை. கொஞ்ச நேரம் சேரைப் புடிச்சுட்டு நின்னுட்டுப் போயிட்டாரு."

என் அப்பா இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் என்னோடு பத்துத் தடவையாவது போனில் பேசியிருப்பார். மழை, மோட்டார், அக்கா குழந்தைகள் என்று எல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

"டீச்சர், அன்னிக்கு டேப் ரிப்பேர் இல்லீங்க. குமிழைத் திருகுனது நான்தான்" என்றேன்.

"தெரியுங்க."

"எங்கப்பா சொன்னாருதான். ஆனா செஞ்சது நானுங்க."

மறுமுனையில் பள்ளி மணி அடித்தது.

"இதை நீங்க எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கோணுங்க" என்றார்.

"இப்பச் சொல்றேனுங்க. அம்மா எங்கே இருக்காங்க?"

"போன வருசம் ஈஸ்டர் முடிஞ்ச வாரம் போயிட்டாங்க."

அவரே தொடர்ந்தார்.

"குரலைத் திரும்பச் சேர்த்துட்டேனுங்க. ஆனா அம்மா அதுக்கப்பறம் உள்ளே வந்து படுக்கவே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் வாசல்லயே உக்காந்துக்குவாங்க. அன்னிக்கு டவுன்ல தான் பேசுனது நல்லா இல்லைன்னு எடுத்துப்போட்டாங்கன்னு மனசுல வெச்சுட்டாங்க. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். 'எனக்குப் பேசத் தெரியாது அம்மணி, நீ மனசு நோகாம இருக்கோணும்னு சொல்றே'ம்பாங்க. ஒரு தடவைகூட அவங்க குரலை அங்கே படுத்துக் கேக்கலீங்க."

அப்பா கேட்டதை நான் கொடுத்தேன். பிறகு அப்பாவே போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் கொடுக்கவேண்டியதை வாங்கிக்கொள்ள இப்போது ஆள் இல்லை.

"வகுப்புக்கு நேரமாச்சுங்க" என்றார் டீச்சர். பிறகு, போனை வைக்கப்போனவர் நினைவு வந்தாற்போல, "ஏனுங்க, அங்கே புரொஜெக்டர் பல்பு கெடைக்குங்களா? இங்கே எங்கயும் இல்லைங்கறாங்க. வானம் எரிஞ்சுபோய் ஒரு மாசமாச்சு. ரங்கசாமி அண்ணன் சும்மா உக்காந்திருக்காரு" என்றார்.

"எந்தப் பல்புங்க?"

"இருபத்துநாலு வோல்ட்டு, எரநூத்தம்பது வாட்டு."

"எத்தனை வேணுங்க?"

"ஒண்ணு இருந்தாப் போதுங்க. முடிஞ்சா ரெண்டு." என்று சொல்லிவிட்டு, "விலாசம் எழுதிக்கறீங்களா?" என்றார்.

எனக்கு அந்த விலாசம் தெரியும். ஒரு காலத்தில் எங்கள் தபால் கார்டுகள் எல்லாவற்றிலும் அனுப்புநர் இடத்தில் அதுதான் இருக்கும். தெரியும் என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல, பெயரிலிருந்து பின்கோடு வரை ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டேன்.